பன்னிரண்டரை மணிச் சோறு

எனக்கு மொத்தம் பதினைந்து நிமிடம் இருந்தது. அதை விளங்கப்படுத்திவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் போகும் காலை ரயில், அட்டவணைப்படி பன்னிரண்டு மணி இரண்டு நிமிடத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அங்கிருந்து மெற்றோவில் இருபத்திரண்டு நிமிடம். இறங்கி நடக்க மற்றவர்களுக்கு ஏழு நிமிடம், என் முழங்காலுக்குப் பதினொன்று. பராமரிப்பு இல்லத்தின் வாசலில் பெயர் எழுதி, கை கழுவி, மூன்றாம் மாடிக்குப் போக ஐந்து. ஆக, பன்னிரண்டு நாற்பதுக்கு நான் அண்ணனுக்கு முன்னால் இருப்பேன். பன்னிரண்டரைக்கு வைக்கும் சாப்பாட்டுத் தட்டை ஒன்றேகாலுக்கு எடுத்துவிடுவார்கள். அவருக்கு ஊட்டி முடிக்க இருபது நிமிடம் வேண்டும். மிஞ்சுவது பதினைந்து. ரயில் அதற்குமேல் பிந்தினால் அண்ணன் என் கையால் சாப்பிடமாட்டார்.

பத்து மாதத்தில் பதினான்கு தடவை அந்த ரயிலில் போனேன். ஆறு தடவை ஊட்டினேன். எட்டுத் தடவை, தூங்கிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். எனக்கு எழுபத்தெட்டு. அவர் எண்பதுகளிலேயே மொன்றியலுக்கு வந்து, இருபத்தாறு வருடம் உணவகங்களின் குசினிகளில் வேலை செய்தவர். பிள்ளைகள் இல்லை, அண்ணியும் இல்லை. மறதி வந்தபோது முதலில் பிரெஞ்சு போனது, பிறகு ஆங்கிலம், கடைசியாகத் தமிழ். இரண்டு வருடமாக நான் யார் என்றும் அவருக்குத் தெரியாது. ரொறன்ரோவில் ஓர் இல்லத்துக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பித்தோம். இரண்டு ஊரும் வேறு வேறு மாகாணம், இரண்டு கோப்புகள். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் மற்ற மாகாணம் பதில் சொல்லவேண்டும் என்றார்கள்.

இல்லத்தில் கரண்டியால் ஊட்டினால் அவர் பல்லைக் கடித்துக்கொள்வார். எடை குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் மனைவி குழைத்துத் தந்துவிட்ட சோற்றை நான் கையால் கொடுத்துப் பார்த்தேன். அங்கே வேலை செய்யும் ஹெயிட்டி நாட்டுப் பெண் ஓடிவந்து, கையுறை போடவேண்டும் என்றார். போட்டேன். அண்ணன் றப்பர் விரலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அந்தப் பெண் சற்று நேரம் நின்றார். பிறகு, பக்கத்துக் கட்டிலின் விரிப்பைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டார். நான் கையுறையைக் கழற்றினேன். அன்று பதினேழு கவளம் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணும் நானும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் வரும் நாளில் அவருக்கு எப்படியோ பக்கத்துக் கட்டிலில் வேலை இருக்கும்.

ரொறன்ரோவின் கிழக்கே நாங்கள் இருக்கும் ஸ்காபரோவிலிருந்து மொன்றியல் வரை ரயில் ஓடும் தண்டவாளம், பயணிகள் ரயில் கம்பனிக்குச் சொந்தமானது அல்ல. சரக்கு ரயில் கம்பனியுடையது. நாங்கள் வாடகைக்கு ஓடுகிறோம். சரக்கு வண்டி வருகிறதென்றால், எங்கள் வண்டியைப் பக்கத்துத் தடத்துக்கு மாற்றி நிறுத்திவிடுவார்கள். வெளியே வயல், வேலி, ஒரு தகரக் கொட்டில். அப்படியே இருக்கவேண்டியதுதான். ஒன்பதாவது பயணத்தில் முப்பத்தொரு நிமிடம் நின்றோம். சரக்கு வண்டி எங்களைக் கடந்துபோக எடுத்தது நாலே நிமிடம். நூற்று நாற்பத்திரண்டு பெட்டி. எண்ணினேன். எண்ணாமல் என்ன செய்வது?

எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவந்தேன். நின்ற இடம், நின்ற நேரம், சரக்கு வண்டியின் பெட்டிகள், போய்ச் சேர்ந்த நேரம், அண்ணன் சாப்பிட்ட கவளங்கள். கடைசி நிரலில் எட்டு இடத்தில் பூச்சியம்.

"இஞ்சருங்கோ, உந்தக் கொப்பியைக் காட்டினால் உவங்கள் சரக்கு வண்டியை நிப்பாட்டிப் போடுவாங்களே?" என்பார் மனைவி.

"ஒருநாள் ஆரும் கேட்பினம். அப்ப கையிலை இருக்கவேணும்."

"கேட்பினம், கேட்பினம். வாய் பாத்துக்கொண்டிருங்கோ."

பிக்கரிங்கில் இருக்கும் மகள் இரண்டு தடவை காரில் கொண்டுபோனாள். இரண்டு நாள் லீவு போட்டாள், மூன்றாம் தடவை நானே கேட்கவில்லை. என் லைசன்ஸ் கண்ணோடு போய்விட்டது. பஸ்ஸில் ஒருமுறை போய் இறங்கியபோது முழங்கால் மடிந்தபடியே நின்றது, இரண்டு பேர் பிடித்து நிமிர்த்தினார்கள். முதல் நாளே போய்த் தங்கலாமே என்பீர்கள். தூரத்துச் சொந்தம் ஒன்றின் வீட்டில் ஒரு தடவை தங்கினேன். இரண்டாம் தடவை கேட்டபோது, பேஸ்மென்ற் உடைத்துக் கட்டுகிறோம் என்றார்கள். அது இன்றுவரை கட்டி முடியவில்லை.

இந்த நிலையில்தான் அந்தத் துண்டுப் பிரசுரம் தபாலில் வந்தது. தூரப் பயணிகள் ரயில்களைக் கூட்டும் யோசனை. இப்போதுள்ள சரக்குத் தண்டவாளங்களிலேயே கூடுதல் வண்டிகள், புதிதாகச் சில ஊர்கள். பொதுமக்களின் கருத்தைக் கேட்க ஸ்காபரோ சமூக மண்டபத்தில் ஒரு கூட்டம். ஒரு சங்கத்துக்கு மூன்று நிமிடம் பேச இடம்.

அதை நாலு தடவை வாசித்தேன். அதே தண்டவாளம், கூடுதல் வண்டி. அப்படியென்றால் ஒதுங்கி நிற்கும் வண்டிகளும்தானே கூடும்? ஆட்கள் ஏறிய வண்டிக்கு முதலில் வழிவிடவேண்டும் என்று சட்டம் வராமல், எத்தனை வண்டி விட்டு என்ன? இதைக் கேட்கவேண்டும். கேட்பதற்கு என்னிடம் பதினான்கு பயணத்தின் கணக்கு இருந்தது.

எங்கள் முதியோர் சங்கத்தின் தலைவர் ஊரில் தபாலதிபராக இருந்தவர். சங்கத்தின் சார்பில் பேசுவோம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்ல விசயம். ஆனால் வெறுங்கையோடை போகேலாது."

இங்கேதான் பிழை நடந்தது. அது தலைவரின் பிழை என்று பல நாள் மனைவிக்குச் சொல்லிவந்தேன். உண்மையில் வாயைத் திறந்தவன் நான்தான்.

"ஒரு பொன்னாடை போத்தினால் என்ன?" என்றேன். "மனம் குளிர்ந்தால் காது குடுத்துக் கேட்பினமெல்லோ?"

"அதெண்டால் சரியான யோசனை மாஸ்ரர்" என்றார் தலைவர். நான் கணிதம் படிப்பித்தவன் என்பதால் சங்கத்தில் எல்லோருக்கும் நான் மாஸ்ரர்தான்.

மூன்று நிமிடத்தைப் பங்கு போட்டேன். பொன்னாடைக்கு முப்பது விநாடி. அவை வணக்கத்துக்கு இருபது. மீதி நூற்று முப்பது விநாடிக்குள் விஷயம். ஆங்கிலத்தில் எழுதி, கைக்கடிகாரத்தை மேசையில் வைத்து, பதினொரு தடவை வாசித்துப் பார்த்தேன். மனைவி பருப்பைக் கடைந்துகொண்டே கேட்டார்.

"அண்ணையைப் பற்றி எங்கை வருது?"

"ஆறாம் பந்தியிலை."

"முதலாம் பந்தியிலை வையுங்கோவன்."

"எடுத்த எடுப்பிலை சொந்தக் கதை சொல்லுறது மரியாதையில்லை."

ஐந்து பேர் போனோம். மண்டபத்தில் எழுபத்திரண்டு கதிரை, இருபத்தாறு ஆட்கள். சுவர் நீளத்துக்கு வரைபடங்கள். விரும்பிய இடத்தில் ஒட்டச் சொல்லி ஆளுக்கு மூன்று பச்சை வட்டங்கள் தந்தார்கள். தலைவர் தன்னுடைய மூன்றையும் றிச்மண்ட் ஹில்லில், பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் ஒட்டினார். அந்தப் பக்கம் வரைபடத்தில் தடமே இல்லை. நான் என்னுடையதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சரக்கு வண்டிக்காக நின்ற இடத்தைக் காட்ட ஏதும் வட்டம் உண்டா என்று கேட்டேன். அந்த நிறத்தில் இல்லை என்றார்கள்.

மேடையில் திட்டத்தின் அதிகாரி, நாற்பது வயதுப் பெண்மணி, சிரித்த முகம். பக்கத்தில் நேரம் பார்க்கும் இளைஞர், முன்னால் ஒரு மணிக்கூடு, சிவப்பு எழுத்தில் 3:00. எங்கள் முறை வந்தது. இலக்கம் இறங்கத் தொடங்கியது.

தலைவர் பொன்னாடையை விரித்துக்கொண்டு மேடையில் ஏறினார். பெண்மணி எழுந்து இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தார்.

"மிகவும் நன்றி, ஆனால் எங்களுக்குப் பரிசு வாங்க அனுமதி இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எங்கள் ஊரில் எந்த மேடையில் யார்தான் முதல் தடவையிலேயே பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டியிருக்கிறார்கள்? வேண்டாம் வேண்டாம் என்பது மரியாதை. வேண்டும் வேண்டும் என்று போர்த்துவதும் மரியாதை. தலைவர் புன்னகையோடு ஓரடி முன்னால் வைத்தார். பெண்மணி ஓரடி பின்னால் வைத்தார்.

"பாத்தியளே, எவ்வளவு பணிவான மனிசி!" என்று எங்கள் வரிசையில் ஒருவர் சொன்னார்.

2:09.

"உண்மையாகவே முடியாது ஐயா" என்றார் அதிகாரி.

"இது பரிசு இல்லை, மரியாதை" என்றார் தலைவர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கவும் தொடங்கினார். நான் கீழே நின்று, "தலைவர், விடுங்கோ, நேரம் போகுது" என்றேன். அவர் கையை அசைத்து என்னை அமர்த்தினார். மூன்றாம் தடவை அதிகாரிக்குப் பின்னால் போக இடமில்லாமல் மேசை தடுத்தது. பொன்னாடை தோளில் விழுந்தது. எங்கள் செயலாளர் கைப்பேசியைத் தூக்கினார்.

"இஞ்சாலை பாருங்கோ. ஒண்டு. இன்னும் ஒண்டு. தலைவர், நீங்கள் மறைக்கிறியள்."

0:48.

ஒலிவாங்கி என் கைக்கு வந்தபோது அதுதான் மிச்சம். அப்போதாவது ஆறாம் பந்திக்குத் தாவியிருக்கலாம். ஒரு பக்கத்தை எடுத்தால் அதை முதலாம் வரியிலிருந்துதான் எனக்கு வாசிக்க வரும். அறுபது வருடப் பழக்கம். மதிப்புக்குரிய அதிகாரி அவர்களே என்று தொடங்கி, நேரம் பார்க்கும் இளைஞரையும் விடாமல் வணங்கி, சங்கத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லி, "கடந்த பத்து மாதங்களில் நான் பதினான்கு தடவை" என்ற இடத்துக்கு வந்தேன். மணி அடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர்தான் பலமாகத் தட்டினார்.

"எழுத்தில் தரலாம், கட்டாயம் பார்ப்போம்" என்றார் அதிகாரி.

நான் எழுதிய தாளை நீட்டினேன். அதற்குள் தலைவர் என் கக்கத்திலிருந்த கொப்பியை உருவி, "எல்லாம் இதுக்குள்ளை இருக்கு, கணக்கு மாஸ்ரர் எல்லோ!" என்று மேசையில் வைத்துவிட்டார். அதிகாரி கழற்றி மடித்து வைத்த பொன்னாடைக்கு மேலே அது இருந்தது. மூலப்பிரதி. வேறு பிரதி இல்லை. திருப்பிக் கேட்கலாம்தான். ஆனால் கொடுத்ததைச் சபையில் திருப்பி வாங்குவதா என்று நின்றேன். நிற்கும்போதே அடுத்த சங்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பொன்னாடை மூன்று நாளில் தபாலில் திரும்பி வந்தது. கொப்பி வரவில்லை. தொலைபேசி எடுத்தேன். நாலு தடவை எடுத்தபிறகு ஒருவர் அன்பாகப் பேசினார். ஒப்படைக்கப்பட்ட ஆவணங்கள் பதிவாகிவிடும், மூலத்தைத் திருப்பித் தருவதில்லை என்றார். பிரதி கேட்கலாமா என்றேன், அதற்கு ஒரு படிவம் இருக்கிறது என்றார். ஆட்கள் ஏறிய வண்டிக்கு முதல் வழிவிடும் சட்டம் என்னாகும் என்றும் கேட்டேன். அது தங்கள் திட்டத்தின் எல்லைக்குள் வராது, தண்டவாளம் தங்களுடையதல்ல என்றார். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். வண்டியில் கேட்டாலும் அதுதான், கூட்டத்தில் கேட்டாலும் அதுதான். அந்தச் சரக்குக் கம்பனிக்கு ஒரு கடிதம் போட்டேன். தங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு வரிப் பதில் வந்தது.

இரண்டு மாதம் கழித்து, கூட்டத்தின் சுருக்கம் இணையத்தில் வந்திருப்பதாக மகள் சொன்னாள். வீட்டுக்கு வந்து கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினாள். முப்பத்தெட்டுப் பக்கம். எங்களுக்கு ஒன்றரை வரி. உள்ளூர் முதியோர் சங்கம் ஒன்று திட்டத்துக்குத் தன் ஆதரவையும் பாராட்டையும் தெரிவித்தது.

"அப்பா, you guys are in favour எண்டு போட்டிருக்கினம்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே பிள்ளை."

"பொன்னாடை போத்தினனீங்களெல்லோ. பிறகென்ன?" என்றாள். சிரிக்க வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

பதினைந்தாவது பயணம் அதற்கு அடுத்த கிழமை.

திங்கட்கிழமை அந்த ஹெயிட்டிப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அண்ணனுக்கு விழுங்கும் பரிசோதனை செய்திருக்கிறார்கள். சோறு மூச்சுக்குழாய்க்குள் போகத் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லாமே அரைத்த கூழ், கரண்டியால், பயிற்சி பெற்றவர் மட்டும்தான் கொடுக்கலாம். வீட்டுச் சாப்பாடு இனி இல்லை.

"வியாழக்கிழமை மதியம் என் முறை" என்றார். "அன்றைக்கு அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன். கொஞ்சமாக, நன்றாகக் குழைத்துக் கொண்டுவாருங்கள். கட்டாயம் வருவீர்கள்தானே?"

வருகிறேன் என்றேன். வேறென்ன சொல்வது?

மனைவி விடிய நாலரைக்கு எழுந்து, சோற்றையும் பூசணிக்காயையும் பருப்பையும் பருக்கை தெரியாமல் கடைந்து, வாய் அகன்ற பிளாஸ்கில் போட்டுத் துணியால் சுற்றினார்.

"போயிட்டு வாங்கோ" என்றார்.

நான் ஏறும் கில்ட்வூட் நிலையத்துக்கு ரயில் நேரத்துக்கு வந்தது. கிங்ஸ்ரனுக்கு மூன்று நிமிடம் முந்தியே வந்தது. நான் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டேன். என்னிடம் பதினெட்டு நிமிடம் இருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்திருக்கக்கூடாது. கிங்ஸ்ரன் கழிந்து அரை மணித்தியாலத்தில் வேகம் குறைந்தது. சக்கரம் ஒரு தடத்திலிருந்து மற்றதுக்கு மாறுவதை உட்காரும் இடத்திலேயே உணரலாம். வண்டி நின்றது. வயல், வேலி.

இருபது நிமிடத்தில் ஒரு சரக்கு வண்டி போனது. நூற்று அறுபத்தேழு பெட்டி. எழுதக் கொப்பி இல்லை, பழைய பயணச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். எங்கள் வண்டி அசையவில்லை. பெட்டிக்குப் பொறுப்பான பெண்ணைக் கூப்பிட்டு, என் அண்ணனுக்கு இன்றைக்குத்தான் கடைசிச் சோறு என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அது ஆங்கிலத்தில் சரியாக வரவில்லை. அவர் கலங்கிப்போய், அண்ணன் இறந்துகொண்டிருக்கிறாரா என்று கேட்டார். இல்லை, சாப்பிடவேண்டும் என்றேன். அவர் போய் ஒரு போத்தல் தண்ணீரும் இரண்டு பிஸ்கட் பைக்கட்டும் கொண்டுவந்து தந்தார், பணம் வேண்டாம் என்றார்.

"இன்னொரு சரக்கு வண்டி வருகிறதாம்" என்றார். "எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. தண்டவாளம்..."

"தெரியும்" என்றேன்.

இரண்டாவதில் நூற்றிருபத்தொன்பது. நடுவில் ஒரு பாலத்தின் தூண் மறைத்ததால் ஒன்று இரண்டு பிசகியிருக்கலாம்.

மொன்றியலில் இறங்கும்போது ஒன்று முப்பத்தொன்று. மெற்றோ இருபத்திரண்டு. ஓடப் பார்த்தேன், முழங்கால் பதினொன்றிலிருந்து ஒரு நிமிடமும் குறைக்கவில்லை. மூன்றாம் மாடியில் அந்தப் பெண் வாசலிலேயே நின்றார். இரண்டு மணி ஒன்பது.

"ஒன்றரை வரைக்கும் தட்டை மூடி வைத்திருந்தேன்" என்றார். "பசியில் அழுதார். அதற்குமேல் வைக்க முடியவில்லை."

நாளைக்குத் தொடங்கவேண்டிய கூழை இன்றைக்கே கொடுத்திருக்கிறார்கள், கரண்டியால். பாதி வெளியே வந்ததாம். இப்போது படுக்கவைத்தாகிவிட்டது.

"ஒரு கவளம் மட்டும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். படுத்தபடி கொடுத்தால் மூச்சுக்குள் போய்விடும், எழுப்பினால் உண்டது மேலே வந்துவிடும். நானும் அதைக் கேட்டிருக்கக்கூடாது. அவர் பக்கத்துக் கட்டிலுக்குப் போகவில்லை. அங்கேயே நின்றார்.

நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வரும்போதே கை கழுவியிருந்தேன், பழக்கம். இன்னும் சூடு இருக்கிறதா என்று பார்க்கப் பிளாஸ்கின் மூடியைத் திறந்தேன். இருந்தது. ஏழரை மணித்தியாலம் கழிந்தும் ஆவி பறந்தது. பூசணிக்காய் வாசம் வந்தது.

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தார்.

அப்படியே வைத்திருந்தார். உள்ளே கீழ்வரிசையில் மிஞ்சியிருக்கும் மூன்று பற்களும் தெரிந்தன. என் கை தானாகப் பிளாஸ்குக்குள் போய், விரல்கள் சோற்றைத் தொட்டுவிட்டன. அந்தப் பெண் என் தோளில் கையை வைத்தார், அவ்வளவுதான்.

எண்ணினேன். பத்தொன்பது வரை வாய் திறந்திருந்தது. பிறகு மூடிக்கொண்டது.